களிமண் யானைகள் வெடிக்கின்றன, உதவி தேவை

மதுரையில் ஒரு கோடை முகாமில் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 22 பேருக்குக் களிமண் வகுப்பு எடுக்கிறேன். செய்த யானைகள் மறுநாளே காலும் தும்பிக்கையும் உடம்போடு சேரும் இடத்தில் வெடித்துவிடுகின்றன. நேற்று ஒரு சிறுமி உடைந்த தும்பிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு மனசே சரியில்லை.

கண்மாய் மண், நல்ல பிசுபிசுப்பு. சூளை கிடையாது, காய வைப்பது மட்டும்தான், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே. ஐந்தில் ஒரு பங்கு ஆற்று மணல் கலந்தேன். ஈரத்துணி போட்டு மூடினேன். ஒட்டும் இடத்தைக் கீறிக் குழைமண் தடவினேன். உடம்பில் வெடிப்பு குறைந்தது, ஒட்டிய இடத்தில் குறையவில்லை. அப்புறம் காகிதக் கூழ் யோசனை வந்தது, இன்னும் செய்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை பெற்றோர் வருகிறார்கள். இந்த மண்ணில் காகிதக் கூழ் எவ்வளவு சேர்த்தால் ஒட்டிய இடம் வெடிக்காமல் காயும்?