மறுமொழி: ஆஸியோடென்சிஃபிகேஷன் – ‘எலும்பு அடர்த்தியாக்கம்’ சரிதானா?

அன்புள்ள குழுவினருக்கு,

பல் இம்ப்ளாண்டை, அதாவது பல் போன இடத்தில் வைக்கும் டைட்டானியத் திருகாணியை, பொருத்துவதற்குத் தாடையெலும்பில் துளையிடும் ஒரு முறைதான் ஆஸியோடென்சிஃபிகேஷன். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் எழுதியிருந்தார்:

> ஆஸியோ என்றால் எலும்பு, டென்சிஃபிகேஷன் என்றால் அடர்த்தியாக்கம். ‘எலும்பு அடர்த்தியாக்கம்’ என்றே வைத்துவிடலாம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது, ஐயா. நானும் அப்படித்தான் நினைத்து, பல் இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ள வருபவர்களுக்கான ஒப்புதல் படிவத்தில் அதையே எழுதினேன். சென்ற மாதம் வந்த ஓர் அம்மா படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “அப்படியானால் என் இடுப்பெலும்பும் கெட்டியாகிவிடுமா டாக்டர்?” என்று கேட்டார். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். ‘எலும்பு அடர்த்தி’ என்ற சொல்லைப் பரிசோதனை அறிக்கையில் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். நான் கைவைக்கப் போவதோ மேல்தாடையில் நான்கு மில்லிமீட்டர் துளை ஒன்றில். தவறு என் சொல்லில்தான்.

செய்முறையைச் சொல்கிறேன், சொல் அதிலிருந்தே கிடைக்கும். மேல்தாடையின் பின்பகுதி எலும்பு பெரும்பாலும் பஞ்சு போல இருக்கும். இம்ப்ளாண்ட் பல்மருத்துவர் கார்ல் மிஷ் தாடையெலும்பை நான்கு வகையாகப் பிரித்தபோது, துளையிடும் கைக்கு அவை ஓக், பைன், பால்சா, தெர்மாகோல் போலப் படும் என்றார். நம் ஊர்ப் பொருள்களில் சொன்னால் வேங்கை, வேம்பு, முருங்கை, நெட்டி. நெட்டியில் திருகாணி நிற்குமா? வழக்கமான துரப்பணம் (டிரில்) இருக்கிற கொஞ்ச எலும்பையும் சீவி வெளியே எடுத்துவிடும். அலகின் பள்ளங்களில் வெள்ளைத் துருவலாக ஒட்டிக்கொண்டு வரும். சலா ஹுவைஸ் என்ற அமெரிக்கப் பல்மருத்துவர் வடிவமைத்த அலகை இடஞ்சுழியாக, நிமிடத்துக்கு 800 முதல் 1500 சுற்று வேகத்தில், உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே சுழற்றினால் அது வெட்டாது. எலும்பைப் பக்கவாட்டில் ஒதுக்கித் துளையின் சுவரோடு அழுத்தும். அமுங்கிய எலும்பு மீண்டு வரப் பார்க்கும். அந்த மீள்விசையே இம்ப்ளாண்டைக் கவ்விப் பிடிக்கிறது.

ஆக, எலும்பு வளரவில்லை, எதுவும் சேரவில்லை. இருந்தது இடம்மாறி இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். ‘செறிவூட்டல்’ ஆகாது, அது வெளியிலிருந்து ஊட்டுவது. ‘எலும்பு இறுக்கம்’ ஒரு நோயின் பெயர் போல ஒலிக்கிறது. ‘திணிப்பு’ என்று எழுதினால் நம் வாசகருக்கு மொழிப்போர்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: துளைச்சுவர் கெட்டிப்பு. கருவி, கெட்டிப்புத் துரப்பணம். ‘ஆஸியோ’ போய்விட்டதே என்று யாரும் வருந்த வேண்டாம். பல்மருத்துவர் வேறு எதில் துளையிடப் போகிறார்?

இழையின் தொடக்கத்தில் ஒருவர் கேட்டிருந்த, இம்ப்ளாண்டின் முதன்மை உறுதி, இரண்டாம் நிலை உறுதி பற்றியும் ஒரு வார்த்தை. இந்த எண்ணிக்கைப் பெயர்களால் எதுவும் புரிவதில்லை. நாற்றை நட்டவுடன் அதை நிறுத்துவது சேறு. பிறகுதான் வேர் பிடிக்கிறது. இடையில் சில நாள் வாடி நின்று, அப்புறம் பச்சை பிடிக்கும். இம்ப்ளாண்டும் அப்படியே. திருகிய அன்று இருக்கும் பிடி இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் சற்றுத் தளரும், ஏனென்றால் நசுங்கிய எலும்பை உடல் கரைக்கிறது, புது எலும்பு இன்னும் வந்து சேரவில்லை. திருகிய அன்றைய முதலாவதை ‘நடவுறுதி’ என்றும், புது எலும்பு வந்து பிடிக்கும் அடுத்ததை ‘வேர்ப்பிடிப்பு’ என்றும் சொல்லலாமா? ஸ்வீடனின் மருத்துவ ஆய்வாளர் பிரோனெமார்க் டைட்டானியமும் எலும்பும் ஒன்றிப்போவதைக் கண்டு, 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தியது இந்த இரண்டாவதை நம்பித்தான்.

---

> ‘கெட்டி’ தயிருக்கும் மேளத்துக்கும் சரி. கலைச்சொல்லுக்குக் கம்பீரம் வேண்டாமா? ‘துளைச்செறிப்பு’ என்றால் ஓர் எழுத்தும் வீணாகாது. நடவுறுதியை ஏற்கிறேன். வேர்ப்பிடிப்பு வேண்டாம், பல்லுக்கு ஏற்கெனவே வேர் உண்டு, குழம்பும்.

வேர் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். பிடுங்கிய பல்லின் வேரும் இதுவும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர் திணறுவார்கள். ‘எலும்புப் பிடிப்பு’ என்று மாற்றிவிடலாம்.

துளைச்செறிப்பை மட்டும் ஏற்க முடியவில்லை. துளையை ஏதோ வைத்து அடைப்பது போல இருக்கிறது. பல் அடைப்பது எங்கள் அன்றாட வேலை, அதோடு கலந்துவிடும். தயிருக்குச் சரியான சொல் என்பதைக் குறையாக நான் நினைக்கவில்லை. கையால் தொட்டுப் பார்த்த சொல் அது.

திருத்திய படிவத்தை அந்த அம்மாவிடமே காட்டினேன். “சுவரை மட்டும்தான் கெட்டிப்படுத்துவீர்கள், அப்படித்தானே?” என்றார். பிறகு, “பல் இருந்தபோது அங்கே எலும்பு நன்றாகத்தானே இருந்தது, அது எங்கே போயிற்று?” என்று கேட்டார். பல் போன இடத்தில் வேலையில்லாத எலும்பை உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்று சொன்னேன். அதற்கும் இங்கே ஒரு சொல் வேண்டும். ‘எலும்பு உறிஞ்சல்’ காதுக்கு உவக்கவில்லை. ‘தேய்வு’ என்றால் மறுபடியும் இடுப்புக்குப் போய்விடுவார். தனி இழையாகத் தொடங்குகிறேன்.