ஷானியா ட்வைனின் ‘கம் ஆன் ஓவர்’: சிடியில் ஒன்று, போனில் ஒன்று, எது அசல்?

யீஷூன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மாமா பழைய வீவக வீட்டைக் காலி செய்தபோது ஒரு பெட்டி நிறைய சிடி கொடுத்தார், அதில் கனடியப் பாடகி ஷானியா ட்வைனின் ‘கம் ஆன் ஓவர்’ ஆல்பம் இருந்தது. போட்டதிலிருந்து விட முடியவில்லை. ஒரே குழப்பம் என்னவென்றால், சிடியில் முதல் பாட்டு ‘யூ ஆர் ஸ்டில் தி ஒன்’. போனில் அதே ஆல்பத்தைத் தேடிப் போட்டால் ‘மேன்! ஐ ஃபீல் லைக் எ வுமன்!’ முதலில் வருகிறது, இந்த ‘ஸ்டில் தி ஒன்’ பத்தாவதாக எங்கோ கிடக்கிறது. வரிசை மாறினால் மாறட்டும், பாட்டே வேறு மாதிரி ஒலிக்கிறதே! போனில் ஃபிடில் (வயலின்தான்) தூக்கலாகக் கேட்கிறது, சிடியில் அதைத் தேட வேண்டியிருக்கிறது. எது அசல்? இன்னொன்று, வந்த காலத்தில் இதைக் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய வழி இசை) ஆல்பமே இல்லை என்று திட்டினார்கள் என்கிறார் மாமா. இவ்வளவு நல்ல ஆல்பத்தை ஏன் திட்ட வேண்டும்?

பழைய_கேசட்:
தம்பி, சிடியில் கோளாறு எதுவும் இல்லை, உங்களிடம் இருப்பது வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்த பதிப்பு. 1997 நவம்பரில் வட அமெரிக்காவில் வந்ததுதான் முதல் பதிப்பு, அது கன்ட்ரி கலவை (குரலையும் கருவிகளையும் எந்த அளவில் சேர்ப்பது என்பதுதான் கலவை), ‘மேன்!’ பாட்டில் தொடங்கும். ஃபிடில், பெடல் ஸ்டீல் (கன்ட்ரியில் வரும் ஒரு வகைக் கிட்டார்) கேட்டு வளராத ஊர்களிலும் இது போக வேண்டும் என்று அவற்றைக் குறைத்து, கீபோர்டையும் கிட்டாரையும் முன்னால் கொண்டுவந்து, பாட்டு வரிசையையும் மாற்றி 1998ல் ‘இன்டர்நேஷனல்’ பதிப்பு போட்டார்கள். 1999ல் இன்னும் கொஞ்சம் பாப் பக்கம் நகர்த்தி இன்னொன்றும் வந்தது. பாடியவர் ஒருவர், பாட்டுகள் அதே 16, ஆனால் கலவை மூன்று.

நம் சிங்கப்பூர்க் கடைகளில் நான் பார்த்ததெல்லாம் உங்கள் சிடி மாதிரிதான். அந்த நாளில் செம்பவாங் மியூசிக் சென்டரிலும் ஹீரனில் இருந்த எச்எம்வியிலும் ஹெட்போன் மாட்டி நின்றுகொண்டே பாதி ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு இது கன்ட்ரி என்றே தோன்றியிருக்காது. ரேடியோவில் வருகிற நல்ல பாப் பாட்டு, அவ்வளவுதான். நமக்கு அசல் அதுதான் என்பேன், ஒரு கூட்டம் எதைக் கேட்டு மனப்பாடம் செய்ததோ அதைப் போலி என்று தள்ள முடியாது.

ஸ்டீல்கம்பி:
பழைய_கேசட் அண்ணே, பதிப்பு விவரம் எல்லாம் சரி, கடைசியில் சொன்னதை மட்டும் ஏற்க மாட்டேன். ‘லவ் கெட்ஸ் மீ எவ்ரி டைம்’ பாட்டை இரண்டு பதிப்பிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அசலில் ஃபிடில் அவர் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வரும், அதை ஓரமாகத் தள்ளிவிட்டால் பாட்டின் குறும்பில் பாதி காணாமல் போகிறது. அமெரிக்கக் கன்ட்ரி தரவரிசையில் அது 5 வாரம் முதலிடத்தில் இருந்தது, கன்ட்ரி ரசிகர்களே தூக்கிவைத்துக் கொண்டாடிய பாட்டு!

யீஷூன்வாசி, உங்கள் மாமா சொல்வது உண்மை. கோபத்துக்குக் காரணம் பெரும்பாலும் தயாரிப்பாளர் மட் லேங், அப்போது ஷானியாவின் கணவர். ஏசி/டிசியின் ‘பேக் இன் பிளாக்’, டெஃப் லெப்பர்டின் ‘ஹிஸ்டீரியா’ போன்ற ராக் ஆல்பங்கள் எல்லாம் அவர் கைவேலை. ட்ரம்ஸ் அடி ஒவ்வொன்றும் ஸ்டேடியத்துக்கு அளவெடுத்த மாதிரி, கோரஸில் குரல் மேல் குரலாக அடுக்கி வைத்திருப்பார், அதே முறையை இங்கேயும் கொண்டுவந்தார். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் பழமைவாதிகளுக்கு அது உறுத்தியது. அதோடு 1995ல் வந்த முந்தைய ஆல்பத்துக்கு ஷானியா கச்சேரிப் பயணமே போகவில்லை, அதனால் ஸ்டுடியோவில் செய்த பொம்மை, மேடையில் பாட வராது என்று பேச்சு. 1998 மே மாதம் கனடாவின் சட்பரியில் தொடங்கி ஊர் ஊராகப் பாடிக் காட்டிய பிறகுதான் அந்த வாய்கள் மூடின.

விருதுக் கணக்கும் அப்படித்தான். 1999 கிராமியில் ‘ஸ்டில் தி ஒன்’ பாட்டுக்கு இரண்டு கன்ட்ரி விருது, ஆனால் ஆண்டின் சிறந்த ஆல்பம் பாடகி லாரின் ஹில்லுக்குப் போனது, சிறந்த கன்ட்ரி ஆல்பம் டிக்ஸி சிக்ஸ் குழுவுக்கு. லாரின் ஹில் ஆல்பத்தோடு யாராலும் சண்டை போட முடியாது, அதை விடுங்கள். கன்ட்ரி ஆல்பம் விருது கிடைக்காததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கம் அவரை ஆண்டின் சிறந்த கலைஞராகத் தேர்ந்தெடுத்தது, ஓரளவு நியாயம்.

பெடோக்_அக்கா:
விமர்சகர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், கேட்டவர்களையும் கொஞ்சம் பார்க்கலாமே. உலகம் முழுக்க 4 கோடிப் பிரதிகள் விற்றது, அதில் பாதி அமெரிக்காவில். இத்தனைக்கும் அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் ஒரு வாரம்கூட முதலிடம் வரவில்லை, 2ஆம் இடத்தில் நுழைந்து, விழாமல் வருடக்கணக்காக விற்றது. பிரிட்டனில் 1999ல்தான் உச்சிக்கு ஏறியது. எங்கள் சமூக மன்றத்தில் லைன் டான்ஸ் வகுப்பு எடுத்த டீச்சர் இந்த ஆல்பத்தைத்தான் மறுபடி மறுபடி போடுவார், சீன ஆன்டிகள், மலாய் மக்சிக்குகள், நாங்கள் சில தமிழ்ப் பெண்கள், எல்லாரும் ஒரே திருப்பத்தில் குதிகாலைத் தட்டித் திரும்புவோம். அங்கே ஒருத்தரும் இது கன்ட்ரியா, பாப் இசையா என்று கேட்டதில்லை.

வரிகள் மேலோட்டம் என்று அப்போது எழுதினார்கள், அதுதான் எனக்குக் கோபம். ‘பிளாக் ஐஸ், புளூ டியர்ஸ்’ கேட்டார்களா இல்லையா? அடி வாங்கிய வீட்டை விட்டு ஒரு பெண் வெளியேறுகிற பாட்டு. ஆடவைக்கிற தாளத்தில், அழுகை இல்லாமல், இனி கறுத்த கண் வேண்டாம் என்று சத்தமாகச் சொல்கிறார். அந்தப் பாட்டு வரும்போது வகுப்பில் பேச்சு நின்றுபோன நாள் உண்டு.

யீஷூன்வாசி:
அக்கா, அந்தப் பாட்டு என் சிடியில் நாலாவது, இத்தனை நாள் தாளத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், இப்போது வரிகளோடு உட்காருகிறேன். ஸ்டீல்கம்பி, ‘ஃப்ரம் திஸ் மொமன்ட் ஆன்’ கூட ஒன்றில் ஆண் குரலோடு, ஒன்றில் தனியாகக் கேட்டேனே?

ஸ்டீல்கம்பி:
ஆமாம், 1997 பதிப்பில் பிரயன் வைட் கூடப் பாடுவார், தனியாகப் பாடியது பிறகு செய்த பாப் கலவை. இந்த ஒரு பாட்டில் எனக்கும் தனிக்குரல்தான் பிடிக்கும். போனில் தேடும்போது பட்டியலில் முதல் பாட்டு எது என்று பாருங்கள், எந்தப் பதிப்பு என்று உடனே தெரிந்துவிடும். அப்புறம், அந்தச் சிடியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.