மாநில வாரியம் காப்புரிமைப் பொருளைப் பயன்படுத்தினால் இழப்பீடு எப்படிக் கேட்பது?

கிண்டி_பட்டறை:
கழிவுநீர் பம்பில் நார், துணி சிக்காமல் வெட்டும் பாகம் ஒன்றுக்குக் காப்புரிமை இருக்கிறது. சென்னையில் மாநில வாரியம் ஒன்றின் பம்பு நிலையங்களுக்குக் கான்ட்ராக்டர் அதே அமைப்பைச் செய்து பொருத்துகிறார். "அரசு வேலைக்குக் காப்புரிமை செல்லாது" என்கிறார். சரியா? தொகை கேட்பதானால் எதை வைத்துக் கேட்பது?

வரைவுமேசை:
தவறு. காப்புரிமை அரசையும் கட்டுப்படுத்தும் என்று 1970 காப்புரிமைச் சட்டத்தின் 156ஆம் பிரிவே சொல்கிறது. உரிமையாளரைக் கேட்காமல் அரசுப் பணிக்குப் பயன்படுத்த 100ஆம் பிரிவில் சலுகை உண்டு. ஆனால் அது மத்திய அரசுக்கும், மத்திய அரசு எழுத்தில் அனுமதித்தவருக்கும்தான். மாநிலத் தேவைக்காகவும் அனுமதி தரலாம், தருவது மத்திய அரசாக இருக்க வேண்டும். வாரியத்தின் பணி ஆணை அந்த அனுமதி ஆகாது. கார்வேர் வால் ரோப்ஸ் வழக்கில், ரயில்வே பணி செய்த கான்ட்ராக்டருக்கு இந்தக் காரணத்தால்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் பாதுகாப்புத் தரவில்லை.

எனவே முதல் கடிதத்தில் அனுமதி ஆணையின் நகலைக் கேளுங்கள். இல்லையென்றால் இது சாதாரண மீறல் வழக்கு. ஒரு எச்சரிக்கை: பயன்படுத்திய பிறகும் அனுமதி தரலாம் என்கிறது 100(4). அப்படி வந்துவிட்டால் தடை உத்தரவு கிடைக்காது, பேச்சு தொகையில் வந்து நிற்கும்.

பம்புக்கணக்கு:
அந்த அனுமதி இருந்தால் தொகைக்கு 100(3). முதலில் இருதரப்பும் பேசி முடிக்க வேண்டும், முடியாவிட்டால் 103ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றம். இங்கே என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு. நீதிமன்றம் நடுவரிடமும் அனுப்பலாம். பயன்பாட்டின் பொருளாதார மதிப்பைப் பார்த்துப் போதுமான தொகை, அதற்கு மேல் இல்லை.

பலரும் சறுக்குவது இங்கேதான். முழு பம்பின் விலையில் சதவீதம் கேட்பார்கள், எதிர்த்தரப்பு அதை நிமிடத்தில் உடைத்துவிடும். உதாரணத்துக்கு: பாகத்தின் விலை ரூ.18,000, பொருத்தியது 400 என்றால் அடிப்படை ரூ.72 லட்சம். 4% ராயல்டி (பயன்படுத்துவதற்கான உரிமத் தொகை) என்றால் ரூ.2.88 லட்சம். நீங்கள் ஏற்கெனவே தனியாருக்குக் கொடுத்த உரிம ஒப்பந்தம் இருந்தால் அந்தச் சதவீதமே வலுவான சான்று. கூடவே அடைப்பு நீக்க ஆள், லாரி, பம்பு நின்ற மணிநேரம் எவ்வளவு குறைந்தது என்று பராமரிப்புப் பதிவேட்டிலிருந்து காட்டுங்கள். எண்ணிக்கைக்கு ஆர்டிஐ மனு, ரூ.10 கட்டணம். டெண்டரின் அளவுப் பட்டியல், எம்-புக் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) பக்கங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "எல்லா விவரமும்" என்றால் ஒன்றும் வராது.

வரைவுமேசை:
47ஆம் பிரிவையும் எதிர்பாருங்கள். அரசு தன் சொந்த உபயோகத்துக்கு மட்டும் செய்துகொள்வதை அது அனுமதிக்கிறது, அதற்கு 100ஆம் பிரிவின் தொகையும் கிடையாது. ஆனால் 47 'அரசு' என்றுதான் சொல்கிறது. 'அரசு நிறுவனம்' என்ற சொல் 99, 100ஆம் பிரிவுகளில் வருகிறது, 47இல் இல்லை. வாரியத்துக்கு எதிரான உங்கள் வாதம் அந்த வேறுபாட்டில் நிற்க வேண்டும்.

கிண்டி_பட்டறை:
காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன்பே வாரியத்தில் செயல்விளக்கம் காட்டியது பாதிக்குமா?

வரைவுமேசை:
அரசு முன்பே ஆவணத்தில் பதிவு செய்த அல்லது சோதித்த கண்டுபிடிப்புக்கு ராயல்டி இல்லை என்பது 100(2). அந்தத் தகவல் உங்களிடமிருந்தே போயிருந்தால் அது பொருந்தாது. மதிப்பிடுவதற்காக அரசிடம் தெரிவித்ததால் மட்டும் காப்புரிமைக்குத் தேவையான புதுமை போகாது என்கிறது 30ஆம் பிரிவு. வாரியம் அதில் சொல்லும் 'அரசு'தானா என்று எதிர்த்தரப்பு கேட்கும், அதற்கும் தயாராக இருங்கள். மற்ற கான்ட்ராக்டர்களும் பார்த்திருந்தால்தான் பெரிய சிக்கல். பொதுவில் தெரிந்தது என்று சொல்லி 64ஆம் பிரிவில் காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்பார்கள். அழைப்புக் கடிதத்தையும் அன்றைய வருகைப் பதிவையும் இப்போதே எடுத்து வையுங்கள்.