மீசை வைத்த ரோகு: கெண்டை வாங்கி, பிடித்து, ஆக்கிய அனுபவம்

போன மாதம் சந்தையில் ரோகு என்று சொல்லி இரண்டு கிலோவில் ஒரு மீன் கொடுத்தார்கள். வீட்டில் அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டா, ரோகுக்கு இப்படியா மீசை இருக்கும்?" என்றார். மேலுதட்டில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு மீசை, முதுகுத் துடுப்பு பாதி உடம்புக்கு நீளம். சாதாக்கெண்டை! அன்றைக்குக் குழம்பு முழுக்க மண் வாடை, அப்பா ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

அதிலிருந்து மீனின் வாயைத்தான் முதலில் பார்க்கிறேன். கட்லாவுக்குப் பெரிய தலை, கீழ்த்தாடை துருத்தி வாய் மேல் பார்த்து இருக்கும், மேல்மட்டத்தில் மேய்கிற மீன். ரோகுவுக்குச் சின்ன வாய், உதட்டு ஓரம் சுருக்கு வைத்துத் தைத்த மாதிரி, அது நடுத்தண்ணீரில் திரியும். மிர்காலுக்கு வாய் கீழ்ப்பக்கம். சாதாக்கெண்டை அடிச் சேற்றைக் கிளறித் தின்னும், மீசை அதற்குத்தான்.

இது தூண்டிலுக்கும் உதவியது. எங்கள் ஊர் ஏரியில் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கோதுமை மாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து உருண்டை கோத்துப் போட்டேன். தக்கை துடித்தது, இழுத்தேன், வெறும் முள். நாலைந்து தடவை இதே கதை. பக்கத்தில் இருந்த தாத்தா பொறுக்க முடியாமல், "தம்பி, தக்கை ஆடுறப்ப இழுக்காத, அது நடக்க ஆரம்பிக்கட்டும்" என்றார். கெண்டை இரையை உறிஞ்சிப் பார்க்கும், துப்பும், மறுபடி உறிஞ்சும், அதைத்தான் நான் கடி என்று நினைத்திருக்கிறேன். அப்புறம் இரையை அடியில் படுகிற மாதிரி இறக்கிவிட்டு, தக்கை ஒரு முழம் நகரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஒன்றரைக் கிலோ இருக்கும், மறுபடியும் மீசைக்காரன்தான். வாய்ச் சதை மெத்தென்று இருப்பதால் வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து போய்விடும் என்று தாத்தாவே தூண்டில் நரம்பைப் பிடித்து மெதுவாகக் கரைக்குக் கொண்டுவந்தார்.

அந்த மண் வாடையை எப்படிப் போக்குகிறீர்கள்?

*

தம்பி, நான் ஆக்குகிற முறையைச் சொல்கிறேன். சேறு தின்பதால் மட்டும் வாடை வருவதில்லை, பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருள் தண்ணீரிலிருந்தே செவுள் வழியாக ஏறிவிடும், பாசி பிடித்துப் பச்சையாகிவிட்ட குளத்துக் கட்லாவும் நாறும். புளிப்பு பட்டால் அது சிதையும். அதனால் வயிற்றுக்குள் கறுப்புச் சவ்வு இருந்தால் சுரண்டி எடுத்து, கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்த மோரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். குழம்புக்கும் புளியைத் தாராளமாகக் கரையுங்கள், தேங்காய் வேண்டாம். வறுக்கிறதென்றால் தோல் பக்கம் நெருக்கமாகக் கீறல் போடுங்கள், சதைக்குள் இருக்கிற கவட்டை முள் எண்ணெயில் முறுகிவிடும். என் சின்ன மகனுக்குத் தொண்டையில் முள் சிக்கி மருத்துவமனைக்கு ஓடிய பிறகு கீறாமல் நான் வறுப்பதே இல்லை.

*

அக்கா சொன்னதோடு ஒன்று. பித்தப்பை உடையாமல் எடுத்து எறிந்துவிடுங்கள். கண்ணுக்கு நல்லது என்று அதைப் பச்சையாக விழுங்குகிறவர்கள் உண்டு. கெண்டை வகை மீன்களின் பித்தம், குறிப்பாகப் புல் தின்கிற புல்கெண்டையின் பித்தம், விஷம், ஈரலையும் சிறுநீரகத்தையும் செயலிழக்க வைக்கும், வேகவைத்தாலும் போகாது.

*

ஐயோ, அந்தத் தாத்தா "பித்தத்த எனக்குக் குடு" என்று கேட்டு வாங்கிப் போனாரே! குத்தகைக்காரர் இந்த வருடம் புல்கெண்டைக் குஞ்சும் விட்டிருக்கிறார். சாயங்காலமே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.