கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: சிகிச்சை முடிந்த எல்லாருக்கும் பெட் ஸ்கேன் வேண்டுமா?

வைகை: கட்டாயம் வேண்டும். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கதிர்வீச்சு முடிந்து சுமார் 3 மாதத்தில் 92 பெண்களுக்கு, புற்றுநோய் இருக்கும் இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். எங்கும் ஒளிராதவர்களில் 78 சதவீதம் பேருக்கு 3 ஆண்டுகள் வரை நோய் தலைதூக்கவில்லை. பழைய இடத்தில் மிச்சம் தெரிந்தவர்களில் அது 33 சதவீதம். புது இடத்தில் ஒளிர்ந்தவர்களில் அப்படி ஒருவர்கூட இல்லை.

தாமிரபரணி: யாருக்கு நோய் திரும்பும் என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டியது. சீக்கிரம் கண்டுபிடித்ததால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது வேறு கேள்வி. அப்புறம், நம் ஊரில் டிபி அதிகம். பெட்டுக்கு ஊசியில் போடுவது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. அதை நிறைய இழுக்கும் எந்தச் செல்லும் ஒளிரும். டிபி நெறிகட்டியும் ஒளிரும், கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துப் புண்பட்ட சதையும் ஒளிரும். ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் படித்துவிட்டுக் குடும்பமே தூங்காமல் கிடக்கும். வலி, ரத்தப்போக்கு, கால் வீக்கம் இருந்தால் எடுக்கட்டும். மற்றவர்களுக்கு உள்பரிசோதனை போதும்.

வைகை: புண் ஆறட்டும் என்றுதானே 3 மாதம் பொறுக்கிறார்கள்? ஒளிர்ந்த இடத்தில் பயாப்ஸி, அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்காமல் சிகிச்சையைத் தொடங்கச் சொல்லவில்லை. ஆனால் நுரையீரலிலோ, வயிற்றுக்குள் பெருந்தமனியை ஒட்டிய நெறிகட்டியிலோ திரும்பினால் உள்பரிசோதனையில் எப்படித் தெரியும்? அறிகுறிக்குக் காத்திருந்தால், கால் வீங்கும்போது இடுப்பில் ரத்தக்குழாயோ நிணநீர்ப் பாதையோ ஏற்கெனவே நெருக்கப்பட்டிருக்கும்.

கதிர்: ஒரு கட்டத்தில் பெட் இல்லாமல் நகரவே கூடாது. இடுப்பின் நடுவில் மட்டும் நோய் திரும்பினால், மூத்திரப்பை, மலக்குடல் வரை சேர்த்து எடுக்கும் அறுவை சிகிச்சை ஒரு வழி. அத்தனையையும் வெட்டி எடுத்த பிறகு நுரையீரலிலும் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பெண் பட்ட பாடு வீண்.

தாமிரபரணி: அதில் எனக்கு மறுப்பே இல்லை. என் பயம் வேறு. சில மில்லிமீட்டர் கட்டி பெட்டில் தப்பிவிடும். ஊசி மருந்து மூத்திரப்பையில் சேர்ந்து ஒளிர்வதால் பக்கத்தில் இருப்பதும் மறையும். ரிப்போர்ட் சுத்தம் என்றதும் செக்கப்புக்கு வருவதை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நோய் பெரும்பாலும் திரும்புவது முதல் 2 ஆண்டுகளில்தான்.

வைகை: செக்கப்பை விட யார் சொன்னது? வருடா வருடம் பெட் எடுக்கவும் நான் கேட்கவில்லை. 3ஆம் மாதம் ஒன்று. பணமில்லை என்பதற்காக அந்த ஒன்று யாருக்கும் தவறக்கூடாது.