கேமரா கேலிபரேஷனுக்கு ‘நேர்பிடிப்பு’: முன்கண்ணாடி மாற்றும் பணிக்கான கலைச்சொற்கள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உயர்ரகக் கார்களின் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தமிழாக்கும் வேலையில் முன்கண்ணாடி மாற்றும் பகுதிக்கு வந்திருக்கிறேன். இந்த இழையில் இதுவரை வந்த மடல்களில் பெரும்பாலானவை ‘விண்ட்ஷீல்டு’ என்ற ஒரே சொல்லைச் சுற்றியே இருக்கின்றன. அதைப் பற்றி என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறேன். ‘காற்றுத்தடுப்பான்’, ‘காற்றுக்காப்பு’ ஆகியவை திறந்த வண்டிகளின் காலத்துக்குப் பொருந்தியிருக்கும். இன்று காற்றைத் தடுப்பது அந்தக் கண்ணாடியின் பல வேலைகளில் ஒன்றுதான். கூரையின் உறுதிக்குத் தோள் கொடுப்பதும் அது. விபத்தில் பயணியின் பக்கத்துக் காற்றுப்பை விரியும்போது அதற்கு முட்டுக் கொடுப்பதும் அது. ஓட்டுநரும் மெக்கானிக்கும் ‘முன்கண்ணாடி’ என்றே சொல்கிறார்கள். ஊன்றி நிற்கும் சொல்லை ஏன் அசைக்க வேண்டும்?

சொல் இல்லாமல் நாம் தவிப்பது வேறோர் இடத்தில். கண்ணாடியை ஒட்டி முடித்த பிறகு, அதன் பின்னால் இருக்கும் கேமராவுக்குச் செய்ய வேண்டிய ‘கேலிபரேஷன்’. என் கவலை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

> ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் ‘அளவுத்திருத்தம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அம்மா, அந்தச் சொல்லின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. தராசுக்கும் வெப்பமானிக்கும் அழுத்தமானிக்கும் அதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். கருவி காட்டும் அளவை, ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்த ஓர் அளவோடு ஒப்பிட்டுப் பிழையைக் கண்டறிகிறோம். கேமராவுக்கு நடப்பதும் கோட்பாட்டளவில் அதுவே. ஆனால் ‘முன்கண்ணாடி மாற்றம்’, ‘அளவுத்திருத்தம்’ என்று ரசீதில் அடுத்தடுத்து இரண்டு வரிகள் இருந்தால் வண்டிக்காரர் என்ன நினைப்பார்? வாங்கி வந்த கண்ணாடி சட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரத்தைத் தேய்த்து அளவைச் சரிசெய்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். வரைவைப் படிக்கக் கொடுத்தபோது அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். ‘கண்ணாடி பொருந்திவிட்டதே, இந்தச் செலவு எதற்கு?’ என்று ஒருவர் அந்த வரியை அடிக்கச் சொன்னால், அவர் அடிப்பது தன் காரின் பிரேக்கைத் தீர்மானிக்கும் வேலையை. சொல் தெளிவாக இல்லாததால் ஒருவர் அப்படி முடிவெடுக்கும் நிலையை நாம் உண்டாக்கக் கூடாது.

அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உட்புறப் பின்னோக்கு ஆடிக்குப் பின்னால், முன்கண்ணாடியை ஒட்டி, ஒரு கேமரா இருக்கிறது. சில கார்களில் இரட்டைக் கேமரா. (பிம்பம் காட்டுவதை எல்லா இடத்திலும் ‘ஆடி’ என்றே எழுதுவோம். இல்லாவிட்டால் கையேடு முழுவதும் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணாடி வந்து படிப்பவரைக் குழப்பும்.) தடக்கோடுகளைப் பார்த்து வண்டியைத் தடத்துக்குள் வைத்திருப்பது, முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றால் தானாகவே பிரேக் போடுவது, வேக வரம்புப் பலகையைப் படிப்பது, எதிரே வண்டி வந்தால் விளக்கின் உயர்கற்றையைத் தாழ்த்துவது எல்லாம் பெரும்பாலும் இந்தக் கேமரா பார்ப்பதை நம்பித்தான் நடக்கின்றன.

கேமராவைப் பிடித்திருக்கும் தாங்கி பெரும்பாலும் கண்ணாடியிலேயே ஒட்டப்பட்டு வருகிறது. புதுக் கண்ணாடியில் அந்தத் தாங்கி மயிரிழை தள்ளி இருக்கலாம். பசைப்பட்டை சற்றுத் தடித்துப்போய்க் கண்ணாடி கொஞ்சம் உயர்ந்து உட்கார்ந்திருக்கலாம். வளைவிலோ தடிப்பிலோ சிறு வேறுபாடு இருந்தால் ஒளி முறியும் விதமும் மாறும். ஒரு பாகைப் பிசகு, 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1.75 மீட்டராக விரிந்துவிடுகிறது. 3.5 மீட்டர் அகலமுள்ள தடத்தில் அது சரிபாதி. பக்கத்துத் தடத்தில் போகும் வண்டியை நம் தடத்தில் போவதாகக் கேமரா எண்ணிக்கொள்ள அது போதும்.

சொல்லாக்கத்துக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. இந்த வேலையில் யாரும் எந்தத் திருகையும் திருப்புவதில்லை. கேமரா இருந்த இடத்தில், இருந்த கோணத்திலேயே இருக்கிறது. வண்டிக்கு நேர் எது என்பதைக் காரின் கணினிக்குக் காட்டுகிறோம். தான் நேர் என்று எண்ணியதற்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை அது எண்ணாகக் குறித்துக்கொண்டு, அன்றுமுதல் எல்லாக் கணக்கிலும் அதைக் கூட்டியோ கழித்தோ கொள்கிறது. பிசகு அனுமதித்த எல்லையைத் தாண்டினால் குறித்துக்கொள்ள மறுத்துப் பிழைக்குறியீடு காட்டும். அப்போது தாங்கியையும் கண்ணாடி உட்கார்ந்த விதத்தையும் திரும்பப் பார்க்க வேண்டியதுதான்.

அதனால், மடல்களில் முன்வந்த சொற்களில் ‘நோக்குச் சீரமைப்பு’ எனக்கு நிறைவளிக்கவில்லை. சீரமைப்பு என்றாலே எதுவோ சிதைந்து கிடந்தது, அதை மீட்டார்கள் என்ற எண்ணம் வருகிறது. இங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. புத்தம்புதுக் கண்ணாடி, நல்ல கேமரா. ‘பார்வைத் திருத்தம்’ கண் மருத்துவமனைக்குப் போய்விடும். ‘இலக்கமைவு’ ஒலிநயம் உள்ள சொல், ஆனால் இலக்கத்தோடு குழம்பும்.

பட்டறையில் நின்று பார்த்தால் சொல் தானாகவே எழுந்து வருகிறது. வண்டியை மட்டமான தரையில் நிறுத்துகிறார்கள். டயரில் காற்று சரிபார்க்கப்படுகிறது. உள்ளே பாரம் இருந்தால் இறக்கப்படுகிறது, ஏனென்றால் பின்புறம் அமுங்கினால் கேமரா வானத்தைப் பார்க்கும். முகப்புச் சின்னத்தின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். பின்புறச் சின்னத்தின் நடுவிலிருந்து இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்து நூல் இழுத்துக் கட்டி, அந்த நேர்கோட்டை வண்டிக்கு முன்னால் நீட்டுகிறார்கள். சில இடங்களில் நூலுக்குப் பதிலாக லேசர் கோடு. அந்தக் கோட்டின் மேல், தயாரிப்பாளர் சொன்ன தொலைவில், சொன்ன உயரத்தில், கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட பலகை நிற்கிறது. பலகை கோணவில்லையே என்று இரு பக்கத்துச் சக்கரங்களிலிருந்தும் நாடா பிடித்து அளந்து, இரண்டும் ஒத்துவரும் வரை பலகையை விரலளவு விரலளவாக நகர்த்துகிறார்கள். இத்தனைக்கும் பிறகுதான் பட்டறைக் கணினியில் பொத்தானைத் தொடுகிறார்கள். மிகுந்த பொறுமை கேட்கும் பகுதி நூலும் குண்டும் நாடாவும்தான்.

சுவர் எழுப்பும் கொத்தனார் இதை ‘நூல் பிடித்தல்’ என்கிறார். வரிசை பிசகாமல் நிற்பதை ‘நூல் பிடித்தாற்போல்’ என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். பிடித்தல் என்ற வினை கையால் பற்றுவதை மட்டும் குறிப்பதில்லை. சுருதி பிடிக்கிறோம், தடம் பிடிக்கிறோம், நூல் பிடிக்கிறோம். எல்லாவற்றிலும் வெளியே ஏற்கெனவே இருக்கும் ஒரு சரியான நிலையை நாடிப் போய் அடைவதுதான் பொருள். கேமரா செய்வதும் அதையே. ஆகவே என் பரிந்துரை: ‘நேர்பிடிப்பு’. வினையாக ‘நேர்பிடித்தல்’.

ஒரு கலைச்சொல் பிழைக்குமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை, அது வாக்கியத்துக்குள் வினையாகப் புரள்கிறதா என்பது. பெயராக மட்டும் நிற்கும் சொற்கள் அகராதியோடு நின்றுவிடுகின்றன. இதைப் பாருங்கள்: ‘கேமராவை நேர்பிடித்துவிட்டீர்களா?’, ‘நேர்பிடிக்காமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது’, ‘முதல் முறை நேர்பிடிக்கவில்லை, பலகையைச் சரிபார்த்தோம்.’ பலகை ‘நேர்பிடிப்புப் பலகை’ ஆகிறது; அந்த மட்டமான தரை ‘நேர்பிடிப்புத் தளம்’ ஆகிறது. ரசீதில் ‘கேமரா நேர்பிடிப்பு’ என்று வந்தால் கண்ணாடியின் அளவோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

> சக்கரங்களுக்குச் செய்யும் அலைன்மென்ட்டையும் நேர்பிடிப்பு என்று சொல்லிவிடுவார்களே?

ஐயா, நீங்கள் எழுப்பியதுதான் வலுவான மறுப்பு. இரண்டுக்கும் உறவும் உண்டு. பின்சக்கரங்கள் தள்ளும் திசையில்தான் வண்டி ஓடுகிறது. அந்தச் சக்கரங்கள் கோணியிருந்தால், சின்னத்திலிருந்து சின்னத்துக்கு இழுத்த நடுக்கோடு ஒரு பக்கமும் வண்டி ஓடும் திசை ஒரு பக்கமும் போகும். அப்படிப்பட்ட வண்டியில் கேமராவை எவ்வளவு கருத்தாக நேர்பிடித்தாலும் அது பிழையான நேராகவே இருக்கும். சக்கரக் கோணத்தை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதனால்தான். ஆனால் சக்கரத்தில் தண்டைத் திருகி இரும்பை நகர்த்துகிறோம். கேமராவில் எண்ணை மட்டும் நகர்த்துகிறோம். பொருள் நகர்ந்தால் ‘சீரமைப்பு’, கணக்கு நகர்ந்தால் ‘நேர்பிடிப்பு’ என்று கையேட்டின் முன்னுரையிலேயே வரையறுத்துவிடலாம். ‘சக்கரச் சீரமைப்பு’ நன்றாகவே ஒலிக்கிறது.

வண்டியை நிறுத்திப் பலகை வைத்துச் செய்வதற்கு ‘நிலை நேர்பிடிப்பு’. பட்டறைக் கணினியைக் காரோடு இணைத்துக்கொண்டு, தடக்கோடுகள் தெளிவாக உள்ள சாலையில், குறித்த வேகத்தில் ஓட்டிச் செய்வதற்கு ‘ஓட்ட நேர்பிடிப்பு’. மழை பெய்தாலோ கோடுகள் அழிந்திருந்தாலோ இது முடிய நேரமாகும். எந்த முறை வேண்டும், இரண்டும் வேண்டுமா என்பதைத் தயாரிப்பாளர்தான் தீர்மானிக்கிறார். ‘இயங்குநிலை’ என்று முன்வந்த அடையை நான் ஏற்கவில்லை. வண்டியை ஓட்டுகிறோம், அதையே சொல்வோம்.

இனி மற்றச் சொற்கள். பக்கக் கண்ணாடிகள் உடைந்தால் பெரும்பாலும் சிறுமணிகளாக உதிர்கின்றன. பதப்படுத்திய (டெம்பர்டு) கண்ணாடி என்பதால் அவற்றுக்குப் ‘பதக்கண்ணாடி’ போதும். முன்கண்ணாடி வேறு வகை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நெகிழிப்படலம் ஒன்று இருப்பதால் விரிசல் விட்டாலும் சில்லுகள் படலத்தை விட்டு எளிதில் பிரிவதில்லை. பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனெடிக்டஸ் 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது ‘டிரிப்லெக்ஸ்’ என்று பெயர் வைத்தார். அதைப் பின்பற்றி ‘மூவடுக்குக் கண்ணாடி’ என்று ஒரு மடலில் பரிந்துரைத்திருந்தார்கள். அன்றைக்கு அது சரி. இன்று உயர்ரகக் கார்களில் இரைச்சலைக் குறைப்பதற்காக அந்தப் படலமே மூன்று அடுக்காக, நடுவில் மென்மையான ஒன்றை வைத்து வருகிறது. எண்ணிக்கையைப் பெயரில் வைத்தால் சிக்கிக்கொள்வோம். ‘இடைப்படலக் கண்ணாடி’ என்பேன்; இரைச்சல் குறைப்பது ‘ஒலியடக்குப் படலம்’.

வேகத்தைக் கண்ணாடியின் மேலேயே காட்டும் கார்களில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கண்ணாடிக்கு உள்முகம், வெளிமுகம் என்று இரண்டு பரப்புகள் உண்டு. ஒளி இரண்டிலும் பட்டுத் திரும்பினால் 80 என்ற எண்ணுக்குப் பின்னால் மங்கலாக இன்னொரு 80 நிழலாடும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி, படலத்தைக் கீழே மெலிந்தும் மேலே தடித்தும் ஆப்பு வடிவில் செய்கிறார்கள். ‘ஆப்புப் படலம்’ என்றே சொல்வோம், பள்ளி இயற்பியலில் படித்த சொல்தானே. இதை ஏன் இவ்வளவு விரிக்கிறேன் என்றால், ஒரே கார் மாடலுக்குப் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பல முன்கண்ணாடிகள் வருகின்றன. ஆப்புப் படலம் இல்லாததை மாட்டிவிட்டால் எண்கள் இரட்டையாகவே தெரியும். எந்தக் கண்ணாடி என்பதை அடிச்சட்ட (சேஸி) எண்ணைக் கொண்டுதான் உறுதிசெய்ய வேண்டும். கையேட்டில் இந்தப் பெயர்கள் தெளிவாக இருந்தால் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளலாம்.

கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றிச் சுட்டுப் பதித்த கறுப்புப் பட்டைக்குக் ‘கருங்கரை’. வெயிலின் புற ஊதாக் கதிர் பசையைத் தாக்காமல் காப்பது அதுதான். பழைய கண்ணாடியை அறுத்து எடுத்த பிறகு சட்டத்தில் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை விட்டுவைக்கும் பழைய பசைக்கு ‘அடிப்பசை’. அதை முழுக்கச் சுரண்டி எடுப்பதுதான் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது, புதுப் பசை நன்றாகப் பற்றுவது அதன் மேல்தான். சுரண்டும்போது வண்ணப்பூச்சில் கீறல் விழுந்து கவனிக்காமல் விட்டால் அங்கே துருவும் ஏறும்.

> ‘இறுகுநேரம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமே?

இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை வாங்கி மெல்ல இறுகுகிறது. விபத்து நேர்ந்தாலும் கண்ணாடி பெயராது என்ற அளவுக்குப் பலம் வருவது ஒரு கட்டம். முழுவதும் இறுகுவது அதற்கு வெகு நேரம் பின்னால். முதல் கட்டம் வராமல் வண்டியை எடுக்கவே கூடாது. அந்த நேரம் பசைக்குப் பசை மாறும், குளிரும் வறண்ட காற்றும் அதை நீட்டும். எனவே ‘ஓட்டத்தகு நேரம்’, ‘முழு இறுகல்’ என்று இரண்டு சொற்கள் வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் வேகமான நீர்ப்பீச்சில் கழுவாதீர்கள், பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கிவையுங்கள், கதவை அறைந்து சாத்தாதீர்கள் என்ற அறிவுரைகள் பொருள் பெறுகின்றன. எல்லாம் மூடிய வண்டியில் கதவை ஓங்கி அடித்தால் உள்ளே எழும் காற்றழுத்தம் இறுகாத பசையைத் தள்ளிவிடும்.

மழைத்துளியைக் கண்டு துடைப்பானை ஓட்டும் மழை உணரிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒளி தடையின்றிச் செல்வதற்காக வைக்கும் ஒளிபுகும் மெத்தைக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘கூழ்த்திண்டு’, ‘ஒளியிணைப்புப் படலம்’ இரண்டும் என் வரைவில் மாறி மாறி நிற்கின்றன. அதில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலே துடைப்பான் வெயிலில் ஓடக்கூடும் என்பதால், குமிழி தங்கக் கூடாது என்ற எச்சரிக்கை சொல்லிலேயே தெரிந்தால் நல்லது. பட்டறையில் வேலை செய்பவர்கள் குழுமத்தில் இருக்கிறீர்கள். நீங்கள் கையில் எடுக்கும்போது அதை என்னவென்று சொல்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். அந்தப் பத்தியை அதற்காகவே காலியாக விட்டுவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கையேட்டுத் தமிழாக்கக் குழுவிலிருந்து