கமாண்ட் ப்ராம்ப்டிலேயே லூப் ஓட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்ட, அதாவது லூப் போட வேண்டுமென்றால், பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் ஃபைல்) எழுதியே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோஸ் ப்ராம்ப்டில் 'ஃபார் ஸ்லாஷ் எல்' (for /L) போதும். அடைப்புக்குறிக்குள் 1,1,20 என்று கொடுத்தால் 1-இல் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கூட்டி, 20 வரை போகும். 'டூ'வுக்குப் பின்னால் எழுதுவது அத்தனை முறையும் ஓடும்.

எனக்கு இது அதிகம் கைகொடுப்பது சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருக்கும்போது. நடு எண்ணை 0 ஆக்கி 1,0,2 என்று கொடுப்பேன். எண் கூடுவதே இல்லை, அதனால் லூப்பும் முடியாது. உள்ளே ஒரு பிங் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை), அடுத்த கட்டளையை இணைக்கும் ஆம்பர்சாண்ட் குறி (&), அப்புறம் 5 விநாடி காத்திருக்கும் டைம்அவுட். சர்வர் எழுந்ததும் பதில் வரத் தொடங்கும். கண்ட்ரோல் சி அழுத்தி நிறுத்திவிடலாம்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம், லூப்பின் மாறிக்கு முன்னால் போடும் சதவீதக் குறிதான் (%i என்பது போல). பேட்ச் ஃபைலுக்குள் அது இரண்டு, ப்ராம்ப்டில் ஒன்றே ஒன்று. ஃபைலில் ஒழுங்காக ஓடிய வரியை அப்படியே எடுத்து ஒட்டினால் 'எதிர்பாராதது' என்று பிழை வரும். உடனே லூப்பே தப்பு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

பதில்:
எங்கள் டீமில் ஒருவர் ஃபோல்டரில் இருந்த படங்களின் பெயருக்கு முன்னால் 'புதிய_' சேர்க்க ஒரு லூப் போட்டார். சில படங்களுக்கு 'புதிய_புதிய_' என்று வந்துவிட்டது. லூப் ஃபோல்டரைப் படித்துக்கொண்டே போகிறது. பெயர் மாறிய ஃபைல் மறுபடியும் அதன் கண்ணில் படுகிறது. ஃபாருக்கு 'ஸ்லாஷ் எஃப்' (for /F) போட்டு, ஃபைல் பெயர்களை மட்டும் பட்டியலிடும் 'டிர் ஸ்லாஷ் பி' (dir /b) கட்டளையை ஒற்றை மேற்கோளுக்குள் கொடுத்தால் பட்டியல் முழுவதையும் முதலிலேயே எடுத்துக்கொள்ளும். பெயரில் இடைவெளி இருந்தால், வரியை எந்தக் குறியில் வெட்டுவது என்று சொல்லும் 'டெலிம்ஸ்' என்பதை எழுதிச் சமக்குறியோடு விட்டுவிடுங்கள் ("delims="). இல்லையென்றால் முதல் சொல் மட்டும்தான் கிடைக்கும். பெயர் மாற்றுவதோ அழிப்பதோ, எதுவானாலும் முதல் ஓட்டத்தில் கட்டளைக்கு முன்னால் 'எக்கோ' சேர்த்துவிடுங்கள். என்ன நடக்கப்போகிறது என்று திரையில் வரிவரியாகக் காட்டும், எதையும் தொடாது.

பதில்:
சர்வர் விஷயத்தில் நானும் அப்படியே, ஆனால் லினக்ஸில். அங்கே லூப்கூட வேண்டாம், கொடுத்த கட்டளையைத் தானே திரும்பத் திரும்ப ஓட்டும் 'வாட்ச்' இருக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் 2 விநாடிக்கு ஒருமுறை ஓடும். 'மைனஸ் டி' (-d) சேர்த்தால் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் மாறிய இடங்களை எடுப்பாகக் காட்டும். டிஸ்க் நிரம்பிக்கொண்டே வரும்போது இதைவிட நல்ல துணை கிடையாது.